கம்பைலருக்கு வைக்காத பொட்டு

டீயை மாற்றச் சொல்ல வேண்டாம் பாய். எனக்கு ஆறின டீதான் பழக்கம். வேலையில் உட்கார்ந்துவிட்டால் மேசையில் டீ இருப்பதே மறந்துபோகும். காக்களூருக்கு வந்த நாளாக நான் சூடாக டீ குடித்ததில்லை.

நேற்று என் தோளைத் தட்டி, "தெரியாம ஆயிட்ச்சி தானியேலு, உடுப்பா. திங்கக்கெழம வந்து வேலயப் பாரு" என்றீர்கள். கும்மிடிப்பூண்டி மில்லில் ஆபரேட்டர் கலியனுக்குக் கால் வெந்து, வாட்ச்மேனின் சைக்கிள் இரண்டாகி, மில்காரர் உங்களைக் கண்டபடி பேசிய பிறகும் அப்படிச் சொல்ல ஒரு மனசு வேண்டும். ஆனால் அந்த மன்னிப்பை என்னால் வாங்கிக்கொள்ள முடியாது. நான் தெரியாமல் எதையும் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூடப் போகாமல் வந்திருக்கிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். நாம் இரும்புக் கம்பி உருட்டுகிற மில்களுக்குப் பேனல் செய்கிறோம். உலை எவ்வளவு சூடு, குளிர்விக்கும் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது, கம்பி எத்தனை உருண்டு வந்தது என்று ஆபரேட்டர் பார்க்கிற திரை. அதற்குள் நீங்கள் வாங்கிப்போட்ட சிப் ரொம்ப மந்தம். திரை முழுவதையும் திரும்பத் திரும்ப வரையச் சொன்னால் அதற்கு மூச்சு வாங்கும். மாறுகிறதை மட்டும் வரைய வேண்டும். பந்தி பரிமாறி அனுபவமுள்ள ஆள் எல்லா இலைக்கும் சாதம் தள்ளிக்கொண்டு போகமாட்டார். எந்த இலை காலியாகும் என்று முன்னமே கண் வைத்திருப்பார். நம் கம்பெனியில் அந்த வேலையைச் செய்வது நான் எழுதிய கம்பைலர்.

திரைகளுக்குப் புரோகிராம் எழுதுவது சந்திரகலா; அதைச் சிப்புக்குப் புரியும் மொழிக்கு மாற்றுவதுதான் கம்பைல் செய்வது. அப்படி மாற்றும்போதே, ஓடவிடுவதற்கு முன்பே, என் கம்பைலர் அதை வாசித்துவிடும். எந்த மதிப்பு மாறக்கூடியது, அது எங்கே பிறந்து, எந்தெந்தக் கணக்கின் வழியாக ஓடி, திரையில் எந்த எண்ணாக வந்து நிற்கிறது என்று ஒவ்வொன்றின் பின்னாலும் போய்ப் பார்க்கும். மில்லின் பெயர் மாறாது, ஒருமுறை வரைந்தால் போதும். உலைச் சூடு மாறும், மாறும்போதெல்லாம் வரை. இதைப் பிசகில்லாமல் கண்டுபிடிக்கும்படி எழுத எனக்கு இரண்டு வருஷம் ஆனது. பெண் பார்க்க வரச்சொல்லி அத்திப்பட்டிலிருந்து அம்மா போன் செய்த ஞாயிற்றுக்கிழமைகளும் அதில்தான் போயின.

கம்பைலருக்கு ஒரு தலையெழுத்து உண்டு. சரியாக இருக்கும்வரை அது இருப்பதே யாருக்கும் தெரியாது. அது ஓடும்போது வெறும் எழுத்தாக வருகிற கட்டத்தைப் பார்த்து, நீங்களே அதை 'அந்தக் கறுப்பு ஜன்னல்' என்றுதான் சொல்வீர்கள். எனக்குக் கோபமில்லை.

போன ஆயுத பூஜை உங்களுக்கு நினைவிருக்கும். தொழுகை முடித்து வந்து, பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று பொரியும் பூந்தியும் வாங்கிக் கொடுத்தீர்கள். அசெம்பிளியில் சால்டரிங் செய்கிற சின்னப்பொண்ணு குங்குமக் கிண்ணத்தோடு கிளம்பினாள். சால்டரிங் அயர்னுக்குப் பொட்டு. உங்கள் குவாலிஸ் காருக்குப் பொட்டு. ஸ்டேப்ளருக்கு, தண்ணீர் மோட்டாருக்கு, கக்கூஸ் பக்கெட்டுக்கு. சந்திரகலா செய்த பேனலுக்குப் பெரிய பொட்டும் கதம்பமும். கடைசியில் என் மேசைக்கு வந்தாள்.

"உன்து எதுண்ணா? எதுக்கு வெக்கிறது?"

"கம்பைலர்" என்றேன்.

"அது எங்க கீது?"

மேசையைச் சுற்றிப் பார்த்தாள். குனிந்து அடியிலும் பார்த்தாள். பிறகு, வீணாகக் கூடாதென்று மிச்சக் குங்குமத்தை மின்விசிறி ஸ்விட்சுக்கு வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கே நல்ல திரை எழுதியதற்காகச் சந்திரகலாவுக்கு ஷீல்டு கொடுத்தீர்கள். எனக்கு ஸ்வீட் பாக்ஸ். நான் கிறிஸ்தவன், பொட்டு எனக்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் ஸ்விட்சுக்கு வைத்தாள் பாருங்கள், அதுதான் மனசில் நின்றுவிட்டது.

மறுநாள் கம்பைலரில் சில வரிகள் சேர்த்தேன். கம்பைல் செய்யும் கம்ப்யூட்டர் சந்திரகலாவுடையது என்றால், கம்பி எண்ணிக்கை ஓடும் வழியில் ஒரு இடத்தை மட்டும் பார்க்காததுபோல விட்டுவிடு. அவ்வளவுதான். திரைக்கு அந்த எண் மாறாத எண்ணாகிவிடும், நின்ற இடத்தில் நிற்கும். திரையில் வேறு பக்கம் போய்த் திரும்பி வந்தால் சரியாகக் காட்டும், பிறகு மறுபடி நிற்கும். உலைச் சூட்டையோ தண்ணீரையோ நான் தொடவில்லை. பொறுப்பு என்று ஒன்று இருக்கிறது.

மில்லில் பேனலைப் பார்த்துக்கொள்கிற கலியன்தான் முதலில் போன் செய்தார். "இன்னாம்மா, கம்பி எண்றது நின்னுகினு கீது. நாங்க உருட்டிக்கினேதான் கீறோம், உன் பொட்டி மட்டும் தூங்குது."

பெரியபாளையம் வழியாகப் பஸ் மாறி மாறிப் போய்வந்தாள் சந்திரகலா. தன் புரோகிராமை வரி வரியாகப் படித்தாள். அதில் தப்பு கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? தப்பு அதில் இல்லையே. என்னிடம் கொண்டுவந்தாள். நான் நிதானமாகப் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டு, என் கம்ப்யூட்டரில் கம்பைல் செய்து பென்டிரைவில் கொடுத்தேன். ஓடியது. அவள் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. அந்த விஷயத்தில் நான் நாணயமானவன்.

அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவையும். "தானியேலுக்குக் கைராசிப்பா" என்று முதலில் சொன்னது நீங்கள்தான் பாய். பிறகு கம்பெனி முழுக்க அதே பேச்சு. அவள் கை பட்டால் நிற்கிறது, இவன் கை பட்டால் ஓடுகிறது. சின்னப்பொண்ணு அவள் மானிட்டருக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினாள். வேறு எங்காவது இருந்தால் இரண்டு கம்ப்யூட்டரிலும் வந்ததைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்திருப்பார்கள். நாம் எலுமிச்சம்பழம் வாங்கினோம். நூல் நான்தான் கொடுத்தேன்.

சோழவரத்திலிருந்து சுறுசுறுப்பாக வந்துபோன பெண், பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஒரு வரியை எழுதிவிட்டு மூன்று தடவை படித்தாள். யாராவது பேனலை ஓடவிட்டுப் பார்த்தால் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு இந்த வேல வராதா சார்? கண்ணுக்கு எல்லாம் சரியா இருக்கு, கை வெச்சா தப்பா ஆவுது. பைத்தியம் புடிச்சிக்குமோன்னு பயமா இருக்கு சார்."

"பொறுமையா பாரு, வரும்" என்றேன். இதமாகத்தான் சொன்னேன்.

அப்போதுதான் அவள் கேட்டாள்: "உங்க கம்பைலரு எது மாறும், எது மாறாதுன்னு எப்டி சார் கண்டுபுடிக்குது?"

அந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று இரண்டு வருஷமாகக் காத்திருந்தவன் நான். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டு, அம்பு போட்டு, ஒரு மதிப்பு ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு எப்படி ஓடுகிறது என்று சொன்னேன். மறுநாளும் கேட்டாள். நல்ல கேள்விகள். அந்த மதியங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் பாய், மறைப்பானேன். ஒரு பெண்ணைப் பைத்தியத்தின் விளிம்புவரை கொண்டுபோனால்தான் என் கம்பைலரை ஒருவர் கவனிப்பார் என்றால், அது நம் கம்பெனியின் குறை.

பிறகு நீங்கள், இன்னும் ஒரு தப்பு வந்தால் அவளைப் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னீர்கள். அன்றைக்கே அந்த வரிகளை நீக்கிவிட்டேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அவள் போய் அட்டைப்பெட்டி ஒட்டினால் என்னிடம் யார் கேள்வி கேட்பார்கள்? அவள் கம்பைல் செய்தவையும் ஓட ஆரம்பித்தன. நான் கொடுத்த ட்ரெயினிங் என்று எனக்குக் கை கொடுத்தீர்கள்.

இனி மில்லில் நடந்தது. குளிர்விக்கும் தண்ணீருக்கான புதுத் திரை. எழுதியது அவள். தண்ணீர் விஷயம், எதற்கு வம்பு என்று, கைராசிக்காக என்னை என் கம்ப்யூட்டரில் கம்பைல் செய்யச் சொன்னீர்கள். செய்தேன். பம்பு நின்றபோது திரையில் தண்ணீர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. உருளையின் பேரிங் சூடேறி இறுகிப்போக, சிவந்த கம்பி வழிதவறிக் கூரைவரை எழும்பி, விழும்போது சைக்கிளைத் துண்டாக்கி, கலியனின் கெண்டைக்காலை உரசிவிட்டுப் போனது. ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன்.

"நம்பரு நல்லாதான் கீதுன்னு பாத்துக்கினே இருந்தேன் நைனா" என்றார் கலியன். "பைப்பு மேல கைய வெச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். உங்க பொட்டிய நம்பிட்டேன்."

கம்பைல் செய்த கை என்னுடையது. ஆனாலும் எழுதியவள் அவள் என்று மறுநாளே அவளைப் பேக்கிங்குக்கு அனுப்பினீர்கள். அங்கே பெட்டி ஒட்டிக்கொண்டே அவள் யோசித்திருக்கிறாள். அந்தப் புரோகிராமில் தண்ணீர் அளவு சிப்பின் நினைவகத்தில் ஒரே இடத்தில் இரண்டு பெயரோடு இருந்ததாம். பம்பு ஒரு பெயரில் எழுதுகிறது, திரை இன்னொரு பெயரில் படிக்கிறது. என் கம்பைலர் ஒரு பெயரின் பின்னால் மட்டும் போய், மற்றது மாறவே மாறாது என்று முடிவுகட்டிவிட்டதாம். நான் வரைந்த அதே அம்புகளை வரைந்து உங்களுக்குக் காட்டியிருக்கிறாள். "யாரா இருந்தாலும் உட்டுருப்பாங்க பாய், சார் மேல தப்பு இல்ல" என்றும் சொன்னாளாம்.

நேற்று நீங்கள் அதைச் சொன்ன ராத்திரிதான் எனக்குத் தூக்கம் வரவில்லை. கலியனின் கட்டைப் பார்த்த ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அதனால்தான் சொல்கிறேன், திரையில் தண்ணீர் அளவை நிற்கவைத்ததும் நான்தான். வரிகளை நீக்கிவிட்டேன் என்று இப்போதுதானே சொன்னாய் என்பீர்கள். நீக்கினேன். மறுபடி போட்டேன். எப்போது என்று ஞாபகமில்லை. அந்த வரிகள் அவள் கம்ப்யூட்டரில்தானே வேலை செய்யும் என்றால், என் கம்ப்யூட்டரிலும் செய்யும்படி மாற்றியிருந்தேன். ஏன் என்று கேட்டால், தோன்றியது. மனுஷனுக்குத் தோன்றாதா?

வா சந்திரகலா. ஞாயிற்றுக்கிழமையும் நடக்கிற பேக்கிங்கில் பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம் நின்றபோதே நினைத்தேன், கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறாய் என்று. ஏன் உன் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாய்?

"அப்ப என் கையில இன்னாவும் தப்பு இல்ல. அப்டித்தானே சார்?"

இல்லை. உன் கை நல்ல கை. அந்த எலுமிச்சம்பழத்தை அவிழ்த்துவிடலாம்.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாம் சார். நான் ஊட்ல சோறு கூடத் துன்னல." கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள் பாருங்கள். இருந்தாலும் விடமாட்டேன் என்கிறாள். "ஆனா தண்ணி நீங்க செய்யல சார். அது பெயரு ரெண்டு, எடம் ஒண்ணு. நேத்து நான் சரி பண்ணிட்டேன், இப்ப ஓடிக்கினு இருக்கு."

நல்ல பெண் பாய். அனுபவம்தான் போதாது.

போலீஸ் ஸ்டேஷன் என்றாலும் வருகிறேன், ஜெயில் என்றாலும் சரி. நான் சொல்கிறபடி எழுதிக்கொள்ளுங்கள். கலியன் காலைச் சுட்டது நான். தெரிந்தே செய்தேன், வேண்டுமென்றே செய்தேன். என் கம்பைலரில் பிழை இல்லை.