ஒட்டுப்பல்லும் தங்கூசி நூலும்

"இந்தப் பல்லாவது சோறு தின்னுறதுக்கு எண்டு நினைவிருக்கட்டும்."

கல்முனை பஸ்ஸில் பின் இருக்கையில் ஒரு பெண் தன் கணவரிடம் இப்படிச் சொன்னதும் என் காது அங்கே போய்விட்டது. அவர் வாவியில் மீன் பிடிப்பவராம். கிழிந்த வலையைப் பொத்தும்போதெல்லாம் தங்கூசி என்னும் நைலோன் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, முன்பல்லில் பாதி போய்விட்டது. அன்று காலைதான் டொக்டர் அதை ஒட்டிக் கொடுத்திருக்கிறார்.

"டொக்டர் என்ன சொன்னவர்? மறுகா ஒருக்காச் சொல்லுங்க."

"இரவைக்கும் பல்லுத் தீட்டிப்போட்டுத்தான் படுக்கணுமாம்."

"அதுக்கு முதல் சொன்னது?"

"பல்லு நகம் மாதிரி இல்லயாம். உடைஞ்சா வளராதாம்."

"வாற கிழமை மகள்ற கலியாணம். போட்டோவுல பொக்கையோட நிக்கப் போறீங்களா?"

"வாய மூடிட்டு நிக்கன்கா."

"ஆரு, நீங்களா? கமராவக் கண்டா காது வரைக்கும் சிரிக்கிற ஆள்."

அவர் அதற்கும் சிரித்தார்.

"இந்தாங்க, நகவெட்டி. இனி நூல் அறுக்கிறது இதாலதான். அரைஞாண்ல கட்டி வைங்க."

நகவெட்டி புதுசு, கடை உறை கூடப் பிரிக்கவில்லை போலும். குருக்கள்மடம் வருமுன் பிளாஸ்டிக் நெரிபடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் நகத்தால் பிய்த்துப் பார்த்தார். பிறகு சத்தம் நின்றது.

"வாயில இருந்து எடுங்க அத."

பிளாஸ்டிக் மறுபடி நெரிபட்டது, உறை வாயிலிருந்து வெளியே வந்திருக்கும்.

"திறங்க பாப்பம். பல்லு இரிக்கா?"

"இரிக்குகா," என்றார், வாயைத் திறந்தபடியே.