மேலே வர வேண்டிய கம்பி

கூரை சேரவில்லை என்றால் கூரையைத் தொடக் கூடாது. அதைத் தாங்கும் சுவர்களின் உயரத்தைப் பார்க்க வேண்டும். வீடு வரையும் மென்பொருளில் புதிதாக உட்காருகிற எல்லோரும் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள். ஒரு சுவர் பத்தடி, எதிர்ச்சுவர் பத்தடி இரண்டங்குலம் என்று இருந்தால் இரண்டு சரிவுகளும் உச்சியில் கூடாமல் நடுவே ஒரு பிளவு தெரியும். கூரையை எத்தனை முறை அழித்து வரைந்தாலும் அந்தப் பிளவு போகாது. சுவரில் ஓர் எண்ணை மாற்றினால் போய்விடும்.

இதை ஏன் சொல்கிறேன் என்று பார்க்கிறீர்கள். ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் சார். ஆரம்பம் இதுதான்.

என் பெயர் அங்கமுத்து. வயது ஐம்பத்தொன்று. நல்லூரில் இன்ஜினியர் மகுடேஸ்வரன் அலுவலகத்தில் பத்தொன்பது வருடங்களாக வீட்டு பிளான் வரைகிறேன். கையெழுத்தும் முத்திரையும் அவருடையவை, கோடுகள் என்னுடையவை. கம்ப்யூட்டரில் வரைவது வந்தபோது யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. நானே முட்டி மோதிக் கற்றுக்கொண்டேன். நீங்கள் காங்கயம் ரோட்டில் போனால், பனியன் கம்பெனி முதலாளிகள் கட்டிய மாடி வீடுகளில் நாலில் ஒன்று என் திரையில் பிறந்தது.

போன வருடம் ஆனி மாதம் அனுப்பிரியா வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்துநாலு வயது, பல்லடத்துப் பெண். காலையில் சரியான நேரத்துக்கு வருவாள், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள், தன் டம்ளரைத் தானே கழுவி வைப்பாள். அவளிடம் குறை சொல்ல எதுவுமில்லை. முதல் வாரத்திலேயே அதைக் கவனித்தேன், எனக்குப் பிடிக்கவில்லை.

சாமளாபுரத்தில் வீடு கட்டும் மாரப்பனை உங்களுக்குத் தெரியும், புகார் கொடுத்தவரே அவர்தான். நிட்டிங் கம்பெனி வைத்திருக்கிறார். அவர் வீட்டு முகப்புக்கு ஓட்டுக் கூரை கேட்டிருந்தார். அந்தக் கூரைதான் சேரவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். மாரப்பன் நேரிலேயே வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். பக்கத்து மேஜையிலிருந்து அனுப்பிரியா எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, ரெண்டு சுவரும் ஒரே உயரமா இல்லீங்க. அதனாலதான் சேர மாட்டேங்குது. நான் பார்க்கட்டுங்களா?"

குனிந்து என் கையிலிருந்த மவுஸை வாங்கினாள். ஓர் எண்ணை மாற்றினாள். கூரை சேர்ந்தது.

மாரப்பன் வாய்விட்டுச் சிரித்தார். "ஏனுங்க அங்கமுத்து, இதுக்கா மூணு நாளு? இந்தப் புள்ள டீ ஆறதுக்குள்ள முடிச்சுட்டுதுங்களே."

நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அண்ணா எல்லாம் வரைஞ்சுதானுங்க வெச்சிருந்தாரு, நான் ஒண்ணும் பண்ணலீங்க" என்றாள். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்காகப் பரிந்து பேசினாள்.

அடுத்த மாதத்திலிருந்து வருகிறவர்கள் எல்லாம் அவளைக் கேட்டார்கள். ஒரு நாள் இன்ஜினியர் என்னை உள்ளே கூப்பிட்டார். "அங்கமுத்து, இனிமேல் டிசைன் எல்லாம் அனுப்பிரியா அம்மிணி பார்க்கட்டுங்க. நீங்க பிரிண்ட் எடுக்கறது, ஃபைல்ல கோளாறு வந்தா சரி பண்றது, சைட்ல போய் கம்பி செக் பண்றது, இதப் பார்த்துக்கோங்க. உங்களுக்கும் வேலை குறைவா இருக்கும்."

"சரிங்க சார்" என்றேன். எங்கள் அலுவலகத்தில் யாரும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. நானும் பேசவில்லை.

மாரப்பன் வீட்டின் முதல் மாடியில் ஒரு பால்கனி உண்டு. ஐந்தடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கீழே தூண் கிடையாது. கையை முன்னால் நீட்டிப் பாருங்கள். மேலிருந்து எடை அழுத்தினால் இழுபடுவது கையின் மேல்பக்கம். அதனால் அந்த மாதிரித் தளத்தில் கம்பி மேலே வர வேண்டும். மற்ற தளங்களில் அது கீழே வரும், இதில் மட்டும் மேலே. அனுப்பிரியா சரியாகத்தான் வரைந்திருந்தாள். மேலே என்று குறிப்பும் எழுதி அம்பும் போட்டிருந்தாள்.

அவள் சாப்பிடப் போயிருந்த நேரம். பிரிண்ட் எடுப்பதற்காக அவளுடைய கம்ப்யூட்டரில்தான் உட்கார்ந்திருந்தேன், அவள் பெயரில்தான் திறந்திருந்தது. பால்கனியைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படத்தைத் தேர்ந்தெடுத்து மிரர் கொடுத்தேன். கண்ணாடியில் பார்ப்பதுபோல் படம் மேல்கீழாகத் திரும்பும். எழுத்தும் சேர்ந்து தலைகீழாகிவிடும், அப்படி விட்டால் யாராக இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். எழுத்தை மட்டும் நேராக நிறுத்த ஒரு செட்டிங் இருக்கிறது. அதைப் போட்டேன். பிறகு குறிப்பில் 'மேலே' என்பதை அழித்துக் 'கீழே' என்று எழுதினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் வருவதற்குள் நாலு பிரதிகள் எடுத்து மடித்து வைத்துவிட்டேன்.

அப்போது என் மனதில் இருந்தது இவ்வளவுதான்: தளம் கொஞ்சம் தொங்கும், விரிசல் விடும், மாரப்பன் அலுவலகத்துக்கு வந்து கத்துவார், அந்தப் பெண் தலைகுனிந்து நிற்பாள். இதை நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்திருக்கிறேன். அது உண்மைதான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒரு வாரம் கழித்து மேஸ்திரி ராக்கையா போன் செய்தார். சிவகங்கைப் பக்கத்துக்காரர், முப்பது வருட அனுபவம். அனுப்பிரியா வேறு சைட்டுக்குப் போயிருந்தாள், நான்தான் எடுத்தேன்.

"அண்ணே, பால்கனிக் கம்பிய அடியில காட்டியிருக்கு. மேலதானே வரணும்? பாப்பாட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்."

"அது கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு வர்றதுங்க, மேஸ்திரி. அம்மிணி படிச்ச புள்ள. டிராயிங்ல எப்படி இருக்குதோ அப்படியே கட்டுங்க."

"எனக்கென்னமோ மனசு ஒப்பலண்ணே."

"நான் கேட்டுட்டுத்தானுங்க சொல்றேன்" என்றேன். கேட்கவில்லை.

கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் கம்பியைச் சரிபார்க்க நான்தான் போனேன். இன்ஜினியர் ஒரு கல்யாணத்துக்காக உடுமலைப்பேட்டை போயிருந்தார். அவர் ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது என் வேலைதான். பால்கனிக் கம்பி அடியில் கிடந்தது. ஓர் இடத்தில் கம்பிக்குக் கம்பி இடைவெளி ஆறங்குலத்துக்குப் பதிலாக எட்டங்குலம் இருந்தது. அவிழ்த்து மறுபடி கட்டச் சொன்னேன். அந்த மாதிரி அலட்சியம் எனக்குப் பிடிக்காது. கட்டி முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கான்கிரீட் இறுகும்வரை தளத்தைக் கீழிருந்து தாங்கும் முட்டுக் கம்புகள் பதினைந்து நாள் நின்றன. முட்டு நிற்கிறவரை எந்தத் தளமும் நிற்கும். முட்டுக் கழற்றுவது சென்ட்ரிங் ஆட்களின் வேலை. அன்று வந்தவர்கள் வீரனும் அவன் மனைவி மருதாளும். அவன் அடித்துக் கழற்ற, அவள் வாங்கி அடுக்குவாள். பல சைட்டுகளில் அவர்களைப் பார்த்திருக்கிறேன். மருதாள் எப்போதும் வெற்றிலை போட்டுக்கொண்டு, என்னைக் கண்டால் "வாங்க சாமி" என்பாள். காலை ஒன்பதரைக்கு ராக்கையாவுக்கு நானே போன் செய்தேன்.

"முட்டு எடுக்கறாங்களா?"

"ரூம் பக்கம் முடிஞ்சிருச்சுண்ணே. இப்பத்தான் பால்கனிக்குப் போறாக."

"சரிங்க" என்று வைத்துவிட்டேன். அன்றைக்கு அடுக்க வேண்டிய பிரிண்டுகள் இருந்தன. பத்து மணி வாக்கில் அலுவலகப் போன் அடித்தது. அனுப்பிரியாவை எடுக்க விட்டேன்.

பால்கனி விழுந்த இடத்திலேயே வீரன் போய்விட்டான். மருதாளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் போயிற்று.

மதியம் அனுப்பிரியா அந்த ஃபைலைத் திறந்துவைத்து, திரையில் விரலை வைத்து ஒவ்வொரு கோடாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. "அண்ணா, நான் மேலதானுங்க வெச்சேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வெச்சேனுங்களா?" என்றாள்.

அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்கு வயிறு நிறைந்தது. மறைப்பதில் பயனில்லை. அவளாகவே தன் கையை நம்பாமல் போனாள். அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. வீட்டில் யாரோடும் பேசுவதில்லை, கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்குள்ளேயே போவதில்லை என்று அவள் அம்மா இன்ஜினியரிடம் சொல்லி அழுதார்.

அத்தோடு முடிந்திருக்கும். உங்கள் ஆட்களும் எந்திரத்தனமாகத்தான் விசாரித்தார்கள். என்னிடம் பத்து நிமிடம்கூடப் பேசவில்லை. டிராயிங்கில் இருந்ததைத்தான் பார்த்தேன் என்றேன், எழுதிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு நிபுணரை அழைத்து வந்தீர்கள். அவர் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்து, இந்தப் பெண் மீது தவறில்லை, மென்பொருள் தானாகவே படத்தைத் திருப்பியிருக்கிறது, குறிப்பும் அதோடு மாறியிருக்கிறது என்று அறிக்கை எழுதினார். இன்ஜினியர் அதைப் படித்துவிட்டு அழுதார். "அம்மிணிய மறுபடியும் வரச் சொல்லலாங்க, அங்கமுத்து. பாவம், அதும் மேல ஒரு தப்பும் இல்லை" என்றார்.

நான் இரண்டு நாள் யோசித்தேன். மென்பொருள் தானாகப் படத்தைத் திருப்பாது. பதினோரு வருடமாக அதோடு இருக்கிறேன், ஒரு கோட்டைக்கூட அது தானாக நகர்த்தியதில்லை. சொன்னதைச் செய்யும். செய்யத் தெரியாதவன்தான் அதன்மேல் பழி போடுவான். அந்தப் பெண் குற்றமில்லாமல் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்காருவாள், என் கைவேலையைக் கோளாறு என்று காகிதத்தில் எழுதி வைப்பார்கள். அதனால்தான் இன்று காலை நானாக உங்களிடம் வந்தேன்.

நம்பிக்கை இல்லையென்றால் அந்தக் கம்ப்யூட்டரில் பாருங்கள். மென்பொருள் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் பழைய பிரதியைத் தனியாகச் சேமித்துவைக்கும். நிபுணர் அந்த ஃபோல்டரைத் திறந்தே பார்க்கவில்லை. பதினேழாம் தேதி மதியம் ஒன்று ஐந்துக்குச் சேமித்ததில் கம்பி மேலே இருக்கும். ஒன்று பதினைந்தில் கீழே இருக்கும். அந்த நேரத்தில் அவள் எதிர்க்கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடைக்காரரைக் கேளுங்கள்.

பால்கனிக்கு அடியில் ஆட்கள் இருப்பார்கள் என்று தெரியுமா என்று இரண்டாவது முறையாகக் கேட்கிறீர்கள். முட்டை அடியில் நின்றுதான் கழற்ற முடியும், சார். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் அது தெரியும். ஒன்பதரை மணிக்குப் போன் செய்தபோதும் தெரியும். நிறுத்தச் சொல்ல ஒரு வார்த்தை போதும், சொல்லியிருந்தால் டிராயிங்கை யார் திருப்பினார்கள் என்ற கேள்வி வந்திருக்கும். அதனால் சொல்லவில்லை. தெரிந்தேதான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். பகை பிடித்தவன் என்று யாரும் என்னை நினைத்துவிடக் கூடாது. வீரன் மீதும் மருதாள் மீதும் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.