டூட்டியில் இருக்கும் ஒற்றைச் செருப்பு

மேடையில் வீற்றிருக்கும் மன்றத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் பயிற்சியாளர் அம்மையாரின் கணவர் அவர்களே, பெற்றோர்களே, உட்கார்ந்து பழக்கமில்லாமல் நாற்காலியில் நெளிந்துகொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே! வணக்கம்.

எனக்கும் கால் நிலைகொள்ளவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு ஓரிடத்தில் நில் என்கிறீர்கள். எப்படி நிற்பேன்? இதே கூடத்தில் அம்மையாரோடு சேர்ந்து இறகுப்பந்து சொல்லிக்கொடுத்தவன் நான். சும்மா நின்றால் அவரிடம் திட்டு விழும். "சிலைக்கெல்லாம் இங்க வேலை இல்ல சார், ஓடுங்க" என்பார்.

தலைமைப் பயிற்சியாளர் என்பது அவருடைய பதவி. பிள்ளைகள் வைத்த பெயரோ 'சென்டர் அக்கா'. ஏன் அந்தப் பெயர்? புதுப்பிள்ளைக்கு மட்டையைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்த கையோடு, தன் செருப்பில் ஒன்றைக் கழற்றி ஆடுகளத்தின் நடுவில் வைத்துவிடுவார். சர்வீஸ் போட்டாயா, செருப்புக்கு வா! பந்தைப் பின்கோடு வரை உயரத் தூக்கினாயா, செருப்புக்கு வா! வலையோரம் மெல்லத் தட்டினாயா, செருப்புக்கு வா! அவர் தந்த தந்திரமெல்லாம் ஒரே வரிதான். "அவள மூலைக்கு அனுப்பு, நீ நடுவுக்கு வா."

நான் ஸ்மாஷ் கட்சி. ஓங்கி அடித்தால்தான் எனக்கு ஆட்டம். ஒருநாள் என் மாணவி ஒருத்தி பிரமாதமாக ஒரு ஸ்மாஷ் அடித்துவிட்டு, அதைத் தானே ரசித்துக்கொண்டு நின்றாள். எதிரே இருந்தவள் எப்படியோ தட்டிவிட, பந்து திரும்பி வந்து இவள் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. "ரொம்ப அழகு கண்ணு. ஃபிரேம் போட்டு மாட்டிடலாமா?" என்றார் அக்கா. அப்புறம் என்னைப் பார்த்து, "கைய வளத்து விட்டுட்டீங்க சார், கால யாரு வளக்கிறது?" என்றாரே பார்க்கலாம்!

பல நாள் அந்தச் செருப்பை இங்கேயே மறந்துவிட்டு ஒற்றைச் செருப்போடு பஸ் ஏறியிருக்கிறார். "இன்னொண்ணு எங்கன்னு கேட்டா, அது டூட்டியில இருக்குன்னு சொல்லுவா" என்று நேற்று அவர் கணவர் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே அழுதுவிட்டார்.

போன வாரம் பயிற்சி முடிந்து விளக்கை அணைத்துவிட்டுப் போனவர் மறுநாள் வரவில்லை. மாரடைப்பு என்றார்கள். ஐயோ, இவ்வளவு அவசரமா அக்கா? செருப்பு மட்டும் நடுவில் கிடந்தது. எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. இன்று நாற்காலி போட வந்தவர்கள்தான் அதை எடுத்து வாசலில் வைத்திருக்கிறார்கள். ஆம் நண்பர்களே, நீங்கள் அமர்ந்திருப்பது அவருடைய ஆடுகளம். குனிந்து பாருங்கள், காலடியில் வெள்ளைக்கோடு தெரியும்.

சற்றுமுன் தலைவர் அய்யா ஒரு தீர்மானம் வாசித்தார். வலையைக் கழற்றி, கம்பளம் விரித்து, இந்தக் கூடத்தை அக்கா பெயரில் கூட்ட அரங்கமாக மாற்றுவோம் என்றார். அருமையான டிராப் ஷாட் அய்யா! பூப்போல வலையோரம் விழுகிறது. அதற்காக ஓடிப்போய் எடுக்காமல் விட்டுவிடுவோமா? கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவார்களா? பெயர் சுவரில் இருக்கும், பிள்ளைகள் எங்கே ஆடுவார்கள்? தெருவிலா? ஒரு காற்றடித்தால் பந்து எதிர்வீட்டு மொட்டைமாடிக்குப் போய்விடுமே! இரங்கல் கூட்டத்தில் கோபப்படலாமா என்று நினைப்பீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. அவர் இருந்திருந்தால் இந்நேரம் மேடைக்கே ஏறியிருப்பார்.

கடிகாரத்தைப் பாருங்கள், பயிற்சி நேரம் வந்துவிட்டது. இப்போது எல்லோரும் எழுந்து மௌன அஞ்சலி செலுத்துவோம். அதை முறையாகவே செய்வோம். முடிந்ததும் யாரும் மறுபடி உட்கார வேண்டாம். அவரவர் நாற்காலியை மடக்கிச் சுவரோரம் சாத்துங்கள். தீர்மானத்துக்கு நம் பதில் அதுதான். பெரிய பிள்ளைகள் வந்து வலையைக் கட்டுங்கள். சர்வீஸும் டிராப்பும் அவர் விட்ட இடத்திலிருந்து நான் சொல்லித் தருகிறேன். ஸ்மாஷ் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தலைவர் அய்யா, உங்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். வாசலில் இருக்கும் அந்தச் செருப்பை உங்கள் கையாலேயே எடுத்துவந்து நடுவில் வையுங்கள். அதன் டூட்டி இன்னும் முடியவில்லை.