விபத்தில்லா நாள் 2955

செருப்பைக் கழற்ற வேண்டாம், இன்ஸ்பெக்டர். அப்படியே வாருங்கள். சிம்பாங் ரெங்கத்தில் எல்லா வீட்டிலும் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். என் போர்ச்சில் மட்டும் விதி தலைகீழ். வெறுங்காலோடு வந்தவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோயில் தலைவரே ஒருமுறை நன்கொடைப் புத்தகத்தோடு வந்து, மரியாதைக்குச் செருப்பை வாசல் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டார். போய் மாட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். போனவர் திரும்பவே இல்லை. அன்றைக்கு எனக்கு இரட்டை லாபம்.

தேநீரில் இனிப்பு தூக்கலாக இருக்கும். நானே போட்டது. என் மனைவி கிருஷ்ணம்மா தங்காக்கில் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

கேட்டில் நிற்கும்போதே சொன்னீர்கள்: "அங்கிள், ஒரே ஒரு சைன்தான். உங்க மச்சான் கேஸ் விபத்துன்னு எழுதி ஃபைல மூடிடுறோம். நீங்க மனசுல போட்டுக் குழப்பிக்காதீங்க." நல்ல பெண் நீங்கள். லோஷினி என்று பெயர்ப் பட்டையில் பார்த்தேன். ஆனால் அதில் நான் கையெழுத்துப் போட முடியாது. ஏன் என்று சொல்கிறேன். கையில் இருக்கிற அந்தக் குரல் பதிவுக் கருவியை ஆன் செய்துவிடுங்கள். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று இரண்டு முறை பாருங்கள்.

நிமிர்ந்தால் சுவரில் ஒரு கரும்பலகை தெரியும். 'இந்த வீட்டில் விபத்தில்லா நாட்கள்: 2954.' சுண்ணாம்புக் கட்டியால் எழுதியது. முப்பத்தொரு வருடம் மரச்சாமான் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் இதை மாட்டினேன். தினமும் ஏழு மணிக்கு ஸ்டூலைப் போட்டு ஏறி எண்ணை மாற்றுவேன். காய்ச்சலிலும் மாற்றினேன். வெள்ளம் வந்தபோது முழங்கால் தண்ணீரில் நின்று மாற்றினேன். சரி, கணுக்கால் தண்ணீர்.

ஜொகூர் மாநிலத்தில் பாதிப் பேர் இன்றைக்குப் பத்து விரலால் சோறு பிசைந்து சாப்பிடுகிறார்கள் என்றால் அது என்னால்தான். மிகையாகச் சொல்கிறேன் என்று நினைத்தால் கால்வாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். மர ரம்பம் ஓடுகிற பகுதியில் நான் நுழைந்தால் முதலாளியே மோதிரத்தைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். தைப்பூச விரதம் வந்தால் எனக்கு வேலை இன்னும் கூடும். காவடி எடுக்கிறவர்கள் மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறோடு வருவார்கள். விரதம் முடியும்வரை அதை அவிழ்க்க மாட்டார்கள். சுழல்கிற கத்தியின் பக்கத்தில் கயிறு என்றால், அது கை இல்லை, தூண்டில் புழு. ஆகவே கயிறு கட்டிய அத்தனை பேரையும் ரம்பத்திலிருந்து எடுத்து அட்டைப்பெட்டி கட்டும் பகுதிக்கு அனுப்பிவிடுவேன். கிட்டத்தட்ட அத்தனை பேரையும். அதைப் பிறகு சொல்கிறேன்.

கமலநாதன் என் மனைவியின் தம்பி. கெலாங் பாத்தாவில் வீடு. பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் வேலை. வாய் நிறையச் சிரிப்பு. அவனை எல்லாருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும், இப்போதும்.

என் பலகை அவனுக்குப் பெரிய வேடிக்கை. "மாமா, வீட்டுக்கு முன்னாடி நாலு நம்பர எழுதி வச்சிருக்கீங்க. இந்தத் தாமான்ல குடியிருக்கிற பாதி ஜனம் அதப் பாத்துத்தான் லாட்டரி எடுக்குது லா" என்பான். அது உண்மைதான். பின் தெருச் சீனக் கிழவர் தினமும் சைக்கிளை நிறுத்தி எழுதிக்கொண்டு போவார். ஒருமுறை அடித்துவிட்டது, சீனப் பெருநாளுக்கு ஒரு பெட்டி ஆரஞ்சு வந்தது. ஐம்பது பெட்டி என்று நான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன தீபாவளியன்று இந்தப் போர்ச்சில் முப்பது பேர். நான் ஆட்டுக்கறிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஆள்காட்டி விரலில் ஒரு கீறல். ரத்தம் கூட வரவில்லை. வந்தது, ஒரு சொட்டு. கமலநாதன் பார்த்துவிட்டான். ஸ்டூலைப் போட்டு ஏறினான். என் எண்ணைக் கையால் அழித்தான். 0000 என்று எழுதினான்.

"மாமாவுக்கு விபத்து. முட்ட முட்ட முட்ட முட்ட" என்று அறிவித்தான்.

முப்பது பேரும் சிரித்தார்கள். கிருஷ்ணம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், எல்லாரையும்விடச் சத்தமாக. அன்று மாலை எல்லாரும் போனபின் எண்ணைத் திருத்தி எழுதினேன். ஆனால் பலகையில் அவன் உள்ளங்கைத் தடம் போகவில்லை. ஈரத்துணி போட்டுத் துடைத்தேன், காய்ந்ததும் மறுபடி தெரிந்தது. அந்தக் கையை எனக்கு அப்போதுதான் சரியாகத் தெரிய வந்தது என்று சொல்லலாம்.

மார்கழியில் அவன் விரதம் தொடங்கினான். எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். பூசாரி வேலின் காலடியில் வைத்து எடுத்துக் கொடுக்கும் காப்பை, அக்காள் புருஷன்தான் கட்டிவிட வேண்டும். கயிற்றை மஞ்சளில் நனைத்துக் கொண்டுவருவதும் கட்டுகிறவன் பொறுப்பு. பருத்தி நூல் பத்து நாளில் நைந்துவிடும். நைந்த நூல் கத்தியில் பட்டாலும் பட்டென்று அறுந்து போகும். ஒன்றும் ஆகாது. ஆகவே நான் மூன்று இழை நூலுக்கு நடுவில் மீன் தூண்டிலுக்குக் கட்டும் நைலான் நரம்பு இரண்டை வைத்து முறுக்கினேன். மஞ்சளில் ஊறியபின் வித்தியாசம் தெரியவில்லை. முடிச்சுப் போட்டு, நுனியைக் கொஞ்சம் நீளமாக விட்டேன். அவன் குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். நன்றாக இரு என்று வாழ்த்தினேன்.

அவன் மகள் பிரேமலா புது வீடு வாங்கியிருந்தாள். சாமி அலமாரி ஒன்றைத் தானே செய்து தர வேண்டும் என்று கமலநாதனுக்கு ஆசை. மேலே சின்ன விமானம் மாதிரி நான்கு பக்கமும் சாய்ந்து கூடும் கூரை. அதற்குப் பலகையைப் பக்கவாட்டிலும் சாய்க்க வேண்டும், கத்தியையும் சாய்க்க வேண்டும். இரண்டு கோணத்தையும் ஒரே வெட்டில் தருவது மைட்டர் சா என்கிற இந்த இயந்திரம்தான். அதோ, துணி போட்டு மூடியிருக்கிறதே. பத்து அங்குலக் கத்தி, நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்று. என்னிடம் இருக்கிறது, வா, நானே சொல்லித் தருகிறேன் என்றேன்.

போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தான். அவனுக்காகக் கிருஷ்ணம்மா சைவச் சமையல் செய்துகொண்டிருந்தாள். நான் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன், இன்ஸ்பெக்டர். என் வாழ்க்கையிலேயே அத்தனை நன்றாக நடத்தியதில்லை. இயந்திரம் மேசையோடு நான்கு போல்ட்டில் இறுகியிருக்க வேண்டும். கோணம் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். கட்டை பின்தடுப்போடு ஒட்டி நிற்க வேண்டும். கை கத்தியிலிருந்து ஒரு சாண் தள்ளி. கத்தி முழு வேகம் எடுத்தபின்தான் இறக்க வேண்டும், நின்றபின்தான் தூக்க வேண்டும். அவன் புதுக் கையுறை வாங்கி வந்திருந்தான். பிடுங்கி எறிந்தேன். கையுறை நூலைக் கத்தி கவ்வினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும் என்றேன். கைக்கடிகாரம், மோதிரம், செப்பு வளையம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். அதோ அந்த மைலோ டின்னில் போட்டான்.

"கயிறு?" என்றேன்.

"மாமா, நீங்க கட்டுன காப்பு. கழட்டுனா சாமி குத்தம் லா."

"அப்ப பூசம் முடியட்டும். பிறகு செய்யலாம்."

"அதுக்கு முன்னாடியே பிரேமா பால் காய்ச்சுறா. சும்மா ஒரு கயிறுதானே மாமா. யானையவா கட்டிப் போட்டிருக்கீங்க?"

மூன்று முறை சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள். மூன்று முறை எச்சரித்திருக்கிறேன்.

முதலில் நீளக் கட்டையில் இரண்டு வெட்டுப் போட்டான். மெராந்தி மரம், வெண்ணெய் மாதிரி இறங்கியது. சின்னப் பையன் போலச் சிரித்தான். பிறகு கூரைக்கான துண்டுகளைக் கொடுத்தேன். அவற்றை நான் முந்தைய நாளே ஐந்து அங்குலமாக நறுக்கி வைத்திருந்தேன். அத்தனை சின்னத் துண்டைக் கையால் பிடித்து அறுக்கக் கூடாது, கிளாம்பில் இறுக்கித்தான் அறுக்க வேண்டும். கிளாம்ப் அலமாரியில், அவன் கண்ணுக்கு நேரே இருந்தது. அவன் கேட்கவில்லை. நானும் எடுத்துத் தரவில்லை.

கயிற்று நுனியைக் கத்தி கவ்வியதும் சத்தம் ஒரு சுருதி இறங்கியது. அவ்வளவுதான். தூண்டில் நரம்பு அறுபடவில்லை. என்ன விலை கொடுத்து வாங்கினாலும் நல்ல சாமான் நல்ல சாமான்தான். மரத்துக்கும் எலும்புக்கும் கத்தி ஒரே மாதிரிப் பாடும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இல்லை. எலும்பு சீக்கிரம் விட்டுக்கொடுத்துவிடுகிறது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே, பதினைந்து பாகைச் சாய்வில், மிகச் சுத்தமான வெட்டு. சுவரில் ரத்தம் என் தலை உயரத்துக்கு அடித்தது. இந்த ஓர் இடத்தில் நான் கூட்டிச் சொல்லவில்லை.

அவன் கத்தவில்லை. பின்தடுப்பின் அந்தப் பக்கம் கிடந்ததைப் பார்த்தான். "மாமா, என் கை" என்றான், சாவியை எங்கே வைத்தேன் என்று கேட்கிற மாதிரி.

நான் முறைப்படி செய்தேன். இயந்திரத்தை நிறுத்தினேன். கத்தி நிற்கும்வரை காத்திருந்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். கையை எடுத்துச் சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்தேன். ஐஸ் நேரடியாகச் சதையில் படக் கூடாது. பலருக்கு இது தெரியாது. ஆம்புலன்ஸில் வந்த பையன், "கைய ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க அங்கிள்" என்று பாராட்டினான்.

பிறகு கட்டுத்துணியை எடுத்தேன். முதலுதவிப் பெட்டி கதவுக்குப் பக்கத்தில்தான் தொங்குகிறது. முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டினால் ரத்தம் நின்றுவிடும். நூற்றுக்கணக்கான பேருக்கு அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்தக் கை மட்டும்தான் வேண்டியிருந்தது. ஆளை நான் கேட்கவில்லை. துணியைப் பிரித்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தும்விட்டேன்.

அவன் சுவரிலிருந்த எண் பலகையைப் பார்த்தான். உதடு வெளுத்திருந்தது. ஆனாலும் சிரித்தான்.

"மாமா... இப்ப நெசமாவே முட்ட போடணும் போல."

துணியை மறுபடி மடித்தேன். நான்காக மடித்துப் பெட்டியில் வைத்து மூடினேன்.

தரை வழுக்கியது. யாராவது விழுந்து தொலைத்தால் அது விபத்தாகிவிடும். ஆகவே மரத்தூளை அள்ளிப் பரப்பினேன். பிறகு படிவத்தை எடுத்து எழுத உட்கார்ந்தேன். என் பழைய தொழிற்சாலைப் படிவம், இருபத்திரண்டு கட்டம். பேனா எழுதவில்லை, உள்ளே போய் வேறு எடுத்து வந்தேன். சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. கமலநாதன் இரண்டு முறை கூப்பிட்டான். முதல் முறை என்னை. இரண்டாம் முறை அவன் அக்காவை. மிக்ஸிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது.

பதினேழாம் கட்டத்தில் இருந்தபோது கிருஷ்ணம்மா அவனைச் சாப்பிடக் கூப்பிட வந்தாள். கையில் கரண்டி. மரத்தூள் போட்டிருந்ததால் அவள் வழுக்கவில்லை. ஆம்புலன்ஸை அவள்தான் அழைத்தாள். நேற்று தங்காக் போகும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அவன் கைய ஐஸ்ல வச்சீங்க. அவன எங்க வச்சீங்க?" பெண்களுக்கு நடைமுறை புரிவதில்லை.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள், இன்ஸ்பெக்டர். தேநீர் ஆறுகிறது.

தொழிற்சாலைக் கதை பாக்கி இருக்கிறது. கயிறு கட்டியவர்களை அட்டைப்பெட்டிப் பகுதிக்கு அனுப்புவேன் என்றேன். சில வருடம் ஒருவரை மட்டும் அனுப்ப மாட்டேன். வீரமுத்து என்று ஒருவர் குளுவாங்கில் இருக்கிறார், வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம். அவரிடம் கேளுங்கள். "நீ அனுபவசாலி, உனக்கு ஒன்னும் ஆகாது" என்று தோளில் தட்டி நான்தான் ரம்பத்துக்கு அனுப்பினேன். முப்பத்தொரு வருடத்தில் ஆறு பேர். பேச்சினால் யாரும் திருந்துவதில்லை, பார்த்தால்தான் திருந்துவார்கள். ஒருவருக்கு நடந்துவிட்டால் அடுத்த மூன்று வருடம் நானூறு பேருக்கு ஒரு கீறல் கிடையாது. இவ்வளவு மலிவாக யார் பாதுகாப்புத் தர முடியும்?

மேனேஜர்தான் ஒவ்வொரு முறையும் தொழிற்சாலைப் பலகையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோவார். எனக்கு நெஞ்சு வலிக்கும். ஏனென்றால் அவை விபத்துகளே அல்ல. விபத்து என்பது யாரும் நினைக்காமல் நடப்பது. அந்த ஆறையும் நான் நினைத்திருந்தேன்.

இதையும் அப்படித்தான். கயிற்றை முறுக்கியவன் நான். கட்டையைச் சின்னதாக நறுக்கியவன் நான். துணியை மடித்து வைத்தவன் நான். கமலநாதனைக் கொன்றது நான்தான். அந்தத் தாளில் விபத்து என்று போட்டிருக்கிற இடத்தை அடித்துவிட்டு, சரியான சொல்லை எழுதிக் கொடுங்கள். சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுகிறேன். என் வீட்டில் விபத்து நடந்ததே இல்லை.

விலங்கு கொஞ்சம் இறுக்கம், பரவாயில்லை. புறப்படுமுன் ஒரு சின்ன உதவி. நீங்கள் சீக்கிரம் வந்துவிட்டதால் இன்றைக்கு எண்ணை மாற்றவில்லை. கை கட்டப்பட்டவர் ஸ்டூலில் ஏறக் கூடாது, அது விதி. சுண்ணாம்புக் கட்டி மைலோ டின்னில், அவன் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2955 என்று எழுதினால் போதும். பயப்படாமல் ஏறுங்கள். ஸ்டூலை நான் பிடித்துக்கொள்கிறேன்.