கரி பூசிய துவக்குகள்

"குனிஞ்சு ஓடுங்க! பட்டாளம் சுடுது!"

ஓடுகிறோம். கோப்பிச் செடிகள் இடுப்பளவு. கிளைகள் முகத்தில் அறைகின்றன. பின்னால் வெடிச் சத்தம். பல துவக்குகள், ஒரே நேரத்தில். பிறகு சத்தமே இல்லை. நான் நின்றுவிட்டேன். எங்கள் கூலி லயத்துப் பெண்கள் என்னைத் தாண்டி ஓடினார்கள். திரும்பிப் பார்த்தேன். கீழே, கோப்பி காயப்போடும் களத்தில், என் வீட்டுக்காரர் இன்னும் வரிசையில் நிற்கிறார்.

கண்டியில் வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கலகம் நடந்த வருடம். ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, வெயில் சாயும் நேரம். வத்தேகமைக்கு மேலே எங்கள் தோட்டம்.

ஏன் ஓடாமல் நின்றார்? அதைச் சொல்லத்தான் வாய் திறக்கிறேன்.

தோட்டத்தில் ஆறு பட்டாளத்துக்காரர் காவல் இருந்தார்கள். சித்திரையில் அவர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். இனி உங்கள் காவல் உங்கள் கையில் என்றான் தோட்டத்துத் துரை. யாருடைய தோட்டத்துக்கு யார் காவல்? காடு கிராமத்துச் சிங்களவருடையது. பிடுங்கியவர்கள் வெள்ளைக்காரர்கள். மேலே வரியும் போட்டார்கள். அந்தக் கோபத்துக்கு முன்னால் போய் நிற்க மட்டும் தமிழ்க் கூலிகள் நாங்கள்.

பழக்குவதற்குப் பட்டாளத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார சார்ஜன் வந்தான். என் வீட்டுக்காரரையும் சேர்த்து ஒன்பது ஆண்களைப் பொறுக்கினான். தினமும் விடியலில் களத்தில் நிறுத்தினான். நிமிர்ந்து நில். நேரே பார். கட்டளை இல்லாமல் அசையாதே. தலை திரும்பினால் பிரம்படி. அந்த முதுகுக்கு எண்ணெய் தடவியவள் நான்.

துவக்கு தரவில்லை. எங்களை நம்பித் துவக்குத் தர அவனுக்கென்ன பைத்தியமா? மரத்தில் செதுக்கச் சொன்னான். விளக்குக் கரி பூசச் சொன்னான். தூரத்திலிருந்து பார்த்தால் நிஜம்போல இருக்க வேண்டுமாம். இருந்தது. என் வீட்டுக்காரருக்குப் பெருமை வேறு. வாளித் தண்ணீரில் முகம் பார்த்து மீசையை முறுக்குவார். அதை நினைத்தால் இன்றைக்கும் அவர்மேல்கூட எனக்கு ஆத்திரம் வருகிறது.

அன்று காலை கலகக்காரர்கள் வந்தார்கள். எதிர்மேட்டில் நின்றார்கள். ஒன்பது துவக்குகளைப் பார்த்தார்கள். திரும்பிப் போனார்கள். ஒரு கல்கூட விழவில்லை. ஆனால் துரை அதற்கு முன்பே குதிரையேறிக் கண்டிக்கு ஓடியிருந்தான். தோட்டம் கலகக்காரர் கையில் போய்விட்டது என்று அங்கே சொல்லியிருக்கிறான்.

பிற்பகலில் குண்டசாலைப் பக்கமிருந்து பட்டாளம் ஏறி வந்தது. ஊதுகொம்பு மூன்று முறை. நம்மவர்கள் சந்தோஷமாக வரிசை கட்டினார்கள். துவக்கு தோளில். பழக்கியவர்களுக்கு மரியாதை காட்டுகிறார்களாம்.

முதல் வெடியில் நான்கு பேர் விழுந்தார்கள். ஐந்து பேர் நிற்கிறார்கள். கட்டளை வரவில்லையே.

"ஏங்க! அத வீசிட்டு ஓடியாங்க!"

தலையைத் திருப்பினார். என்னைப் பார்த்தார். உடனே நேரே திருப்பிக்கொண்டார். குண்டு எதிரில் நிற்கிறது. அவர் பயந்தது பிரம்புக்கு.

இரண்டாவது வெடி.

பட்டாளத்தோடு அந்த சார்ஜனும் நின்றான். கலைந்து போங்கள் என்று ஒரு கட்டளை போதும். ஐந்து பேர் ஓடியிருப்பார்கள். தூரத்தில் அடையாளம் தெரியவில்லையாம். கங்காணி மூலம் சொல்லி அனுப்பினான். நாள் தவறாமல் அடித்த ஆட்களைத் தெரியாதா, பாவி?

செத்தவர்களைச் சொல்கிறேன். மறக்காதீர்கள். காத்தான். வீரன். மாயாண்டி. அண்ணன் தம்பி பெரியசாமி, சின்னசாமி. கருப்பன் என்ற பெயரில் மூன்று பேர். ஒன்பதாவது பெயரை இதுவரை நான் வாயால் சொன்னதில்லை. புருஷன் பெயரைச் சொல்வது எங்களுக்கு வழக்கமில்லை. இங்கே சொல்கிறேன். முத்தன்.

எல்லோருக்கும் ஒரே குழி. களத்துக்குக் கீழே, ஓடையோரம். அடுத்த பருவத்தில் அதன்மேலும் கோப்பி நட்டார்கள்.

ஆவணியில் சார்ஜன் மறுபடி வந்தான். வேறு ஒன்பது பேரைப் பொறுக்கினான். பழைய துவக்குகளைக் கழுவி, புதுக் கரி பூசிக் கொடுத்தான். நான் களத்தோரம் நின்று எண்ணினேன். ஒன்பது. ஒன்றுகூடக் குறையவில்லை.