மிட்டாய் டப்பா மூடி

— சாஜண்ணே, முதல் லேசர அடச்சு வச்சிட்டு ஓட்டிப் பாத்தேன்.

— எதுக்குப் பிள்ள? திங்கக்கெழம தீஸிஸ் குடுக்கணும். இப்பப் போயி என்ன வெளாட்டு?

— அடச்ச பெறவும் ஹைட்ரஜன் வருது.

— அரே, எங்கயாச்சும் வெளிச்சம் கசிஞ்சிருக்கும்.

— கசியல. நீங்கதான சொல்லிக் குடுத்திய? முதல் லேசர் அடிச்சா ரேடிக்கல்ங்கிற மூலக்கூறு துள்ளும், உடையும், ஹைட்ரஜன் பிச்சிக்கிட்டு ஓடும். ரெண்டாவது லேசர் அந்த ஹைட்ரஜனப் புடிச்சுக் காட்டும், அவ்வளவுதான்னு. அப்ப முதல்லத அடச்சா ஒண்ணும் வரப்படாதுல்லா?

— வரப்படாது.

— வருது. அடைக்காம எவ்வளவு வந்துச்சோ அவ்வளவும் வருது. பாக்கதுக்கு வச்ச லேசரே உடைக்குண்ணே. நாலு வருசமா அது எப்படி உடையுதுன்னு அளக்கேன்னு நெனச்சேன். நாமதான் உடைச்சிருக்கோம்.

— மெதுவாப் பேசு. கதவு தெறந்து கெடக்கு.

— ஜீரோ அளவு எடுக்கணும்னா உள்ள விடுத கேஸ நிப்பாட்டினாப் போதும், லேசர அடைக்க வேண்டாம்னு நீங்கதான சொன்னிய?

— நேரம் மிச்சமாகும்னு சொன்னேன். ஜானே தே, விட்டுரு நுஸ்ரத். குடுத்துரு. வைவாக்கு வாரவன் எவனும் அட்டையத் தூக்கிட்டு வந்து அடச்சுப் பாக்க மாட்டான்.

— நிக்காஹ ரெண்டு தடவ தள்ளி வச்சேன். மாப்பிள்ள காலித் வீட்டுல உம்மாகிட்ட என்ன சொன்னாவ தெரியுமா? ஒங்க மவ அந்த மெஷினையே கட்டிக்கிடட்டும்னாவ. தாராவியில பட்டறைக்கு வாரவன் போறவன்கிட்டல்லாம் எம் மவ டாக்டர்னு சொல்லிட்டுத் திரியுதாரு வாப்பா.

— அதுக்காகத்தான் சொல்லுதேன். வாயத் தெறந்தா ஒனக்குத்தான் நட்டம்.

— ஒங்க பேப்பரும் இதே அளவுதான? அத வச்சுத்தான ஜெர்மனி போறிய?

— போறேன். அதுக்கென்ன? அம்பர்நாத் ஃபேக்டரில ஆசிட்டுல வெந்து செத்தாரு எங்கப்பா. எனக்கு வேற போக்கு கெடயாது. தப்பு யாருக்கும் வரும், பிள்ள. முதல் லேசர அடச்சுப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. எங்கம்மா லூசியம்மா மேல சத்தியம்.

— அவுகள ஏன் இழுக்கிய, பாவம்.

— நம்பலன்னா போ.

— இப்ப இருக்க முதல் லேசர் அட்டைல பட்டா எப்படிச் சுடும்ணே?

— வட்டமா. இது என்ன கேள்வி?

— பழைய லேசர்?

— நீளச்சதுரமா. அதத் தூக்கி ரெண்டு வருசம் ஆச்சே, இப்ப என்ன அதுக்கு?

— அடைக்கதுக்கு அட்டை தேடினேன். ஒங்க டிராயர்ல ஒரு மிட்டாய் டப்பா மூடி கெடந்துச்சு. நா இங்க சேந்த அன்னைக்கு வாப்பா ஒங்களுக்குக் குடுத்து விட்டது.

— கெடக்கட்டும். அதுல என்ன?

— முதல் லேசர் ஜன்னலுக்குத் தக்கன வெட்டியே இருந்துச்சுண்ணே. நடுவுல ஏற்கெனவே ஒரு சுட்ட தடம். நீளச்சதுரமா.