மேகத்துக்குள்ள போன பந்து

— இன்னொரு தடவை சொல்லுலே. என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு.

— நூறு தடவை கேட்டாலும் அதேதாங்கண்ணே. பவுண்டரிக் கயித்துக்கு உள்ளே நின்னுதான் பந்தைப் பிடிச்சேன். ரெண்டு காலும் உள்ளேதான் இருந்துச்சு.

— பொய்!

— சரிங்கண்ணே.

— என்னலே சரிங்கண்ணே? பொய்யிங்குறேன், சரிங்குறே!

— வேற என்ன சொல்ல? ஆட்டம் முடிஞ்சு அரை மணி நேரமாச்சு, காலுல கட்டின பேடைக்கூடக் கழட்டாம நிக்கிறீங்க. மொதல்ல உக்காருங்க அருள்மணி அண்ணே. டீ ஆறுது.

— உன் டீயைக் கொண்டுபோய் பள்ளத்துல ஊத்து! ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தாறுலே! முப்பத்தி நாலு வருஷமா இந்த மலை டெஸ்ட்டுல ஒரு வருஷம் விடாம ஆடிச் சேர்த்த ரன்னு. மூவாயிரத்துக்கு இன்னும் நாலு. நாலே நாலு! எங்க கொடைக்கானல் டீமுலயும் சரி, உங்க பெரும்பாறை டீமுலயும் சரி, எவனாவது தொட்டிருக்கானா? மொத நாளே தொட்டுருவேன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்தேன். மட்டையில பட்டப்பவே எனக்குத் தெரியும், அது கயித்தைத் தாண்டிருச்சுன்னு.

— மட்டையில பட்டது உங்களுக்குத் தெரியும். எங்கே வந்து விழுந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். நடுவுல மேகம் கெடந்துச்சு.

— அந்தத் தைரியத்துலதானே பேசுறே! அம்பயர் ராமருக்குத் தெரியலை, பந்து போட்டவனுக்குத் தெரியலை. மேகத்துக்குள்ள இருந்து பந்தைத் தூக்கிக்கிட்டு வந்து, கேட்ச்சுன்னு நீ ஒத்தை வார்த்தை சொல்லுவே, நான் மூட்டை கட்டணும். அப்படித்தானே?

— அது நான் போட்ட சட்டமா? பந்து போன இடம் அம்பயர் கண்ணுக்கு எட்டலைன்னா, அங்கே நிக்கிறவன் சொல்றதுதான் தீர்ப்பு. நம்ம ரெண்டு பேரும் பொறக்குறதுக்கு முந்தியே இங்கே அப்படித்தான். மேகம் எறங்குதுன்னு நிப்பாட்டினா இந்த மலையில வருஷத்துக்கு நாலு ஓவர் போட முடியுமா?

— ஏங்க! இங்கேதான் இருக்கீங்களா? ஓ, இந்த ஐயாவும் இங்கேதான் இருக்காரா. ரொம்ப நல்லதாப் போச்சு.

— வாங்க மதினி.

— மதினியாம் மதினி! நான் கேக்குறேன், கூசாம எப்படிக் கூப்பிடுறே செல்வமுருகா? வெள்ளனே எந்திரிச்சு அட்டுவம்பட்டியில இருந்து மடியில வச்சுக் கேக்கு கொண்டாந்தேன். மூவாயிரம்னு க்ரீம்ல எழுதியிருக்கு. ஃபாதர் வந்து உக்காந்திருக்காரு, ஃபோட்டோக்காரர் நிக்கிறாரு. அத்தனை பேர் முன்னாடி டப்பாவை மூடி வச்சுக்கிட்டு நிக்கிறேன் நானு. எல்லாரும் என்னைத்தான் பார்க்குறாங்க, துக்க வீட்டுக்காரியைப் பார்க்குற மாதிரி!

— எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு மதினி. பந்து கைக்குள்ள வந்து விழுந்துருச்சு. நான் என்ன செய்ய? கீழே போட்டுட்டு வரவா?

— ஜென்சி, நீ சும்மா இரு, நான் பேசிக்கிறேன். இங்கே பாருலே. ஆறு மணிக்குக் கமிட்டி உக்காருது. கமிட்டித் தலைவர் திருமலைச்சாமி சார்ட்ட பேசிட்டேன். நீ வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லணும், எனக்குச் சந்தேகமா இருக்குன்னு. சந்தேகம்னா பேட்ஸ்மேனுக்குத்தான் சாதகம். நாளைக்குக் காலையில நான் திரும்ப எறங்கிருவேன். ரெண்டே நாள் ஆட்டத்துல எனக்கு இன்னொரு இன்னிங்ஸு வராது.

— எனக்குத்தான் சந்தேகமே இல்லையேண்ணே.

— சொல்லலைன்னா நான் எந்திரிச்சுச் சொல்வேன், செல்வமுருகன் பொய்க்காரன்னு. மேகத்துக்குள்ள பொய் சொன்னவன்னு பேர் வந்தா, அதுக்கப்புறம் செத்தாலும் இந்த கிரவுண்டுக்குள்ள கால் வைக்க முடியாது. தெரியும்ல?

— தெரியும். சந்தேகம்னு சொன்னா மட்டும் என்னவாம்? மத்தியானம் பிடிச்சேன்னான், சாயங்காலம் மாத்திப் பேசுறான், அப்ப பொய்க்காரன்தான்னுதான் சொல்வாங்க. எப்படிப் போனாலும் அந்தப் பேரு எனக்குத்தான் வரும். உங்களுக்கு நாலு ரன்னு, எனக்கு என் பேரு.

— அப்ப சத்தியம் பண்ணு பார்ப்போம். உங்க சாமி மேல பண்ணு.

— பழனியாண்டவர் சத்தியமா பிடிச்சேன் மதினி. வருஷா வருஷம் அவருக்குக் காவடி தூக்குற தோளு இது. போதுமா?

— சத்தியம்! பெரிய சத்தியம்! கையில பந்து இருக்கு. சுத்தி ஒரு ஈ காக்கா இல்லை. நீ என்ன சொன்னாலும் நம்பிக்கத் தயாரா அம்புட்டுப் பேரும் நிக்கிறாங்க. அந்த நேரத்துல எவன்லே உண்மை சொல்வான்? ஒருத்தனும் சொல்ல மாட்டான்!

— அப்படி எல்லாரையும் சேர்த்துச் சொல்லாதீங்கண்ணே.

— சொல்வேன்! மனுசப் பய புத்தி எனக்குத் தெரியும்லே!

— அப்ப மில்லுக்காரர் வந்த வருஷம்?

— அதை எதுக்கு இப்ப இழுக்குறே?

— இழுக்க வேண்டியிருக்குண்ணே. இருபத்தெட்டு வருஷமா நான் வாயைத் தொறக்கலை. திண்டுக்கல்லுல இருந்து மில்லு மேனேஜர் வந்து நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரு. யாரு மொதல்ல நூறு அடிக்கிறானோ அவனுக்கு மில்லு டீமுல இடம், மாசச் சம்பளத்துக்கு வேலைன்னாரு. மொத நாளு நான் ஆடினேன். தொண்ணூத்தேழு. இதே மாதிரி மேகம். தூக்கி அடிச்சேன். உள்ளே நின்னது நீங்க. பந்தோட வந்து என்ன சொன்னீங்க?

— அதான் ஊருக்கே தெரியுமே.

— கேட்ச்சுன்னு சொன்னீங்க. நான் கேட்டேனா, கால் எங்கே இருந்துச்சு, கயிறு எங்கே இருந்துச்சுன்னு? மட்டையைத் தூக்கிக்கிட்டு வெளியே போனேன். போற வழியில உங்களுக்குக் கை குடுத்துட்டுப் போனேன்.

— அவரும் நீயும் ஒண்ணா? நான் கேக்குறேன், அவர் சொன்னா இந்த மலையே நம்பும். மறுநாளு அவர் நூறு அடிச்சாரு, வேலை கெடச்சுது. அந்த வேலையைப் பார்த்துத்தான் எங்கப்பா என்னைக் கட்டிக் குடுத்தாரு. அவர் யோக்கியத்தைப் பத்தி நீ பேசாதே!

— ஜென்சி, போதும்.

— நான் ஒண்ணும் தப்பாப் பேசலை மதினி. நானும் நம்புனேன். எங்கப்பன் அன்னிக்கு அரிவாளைத் தூக்கினாரு, அந்தக் கொடைக்கானல்காரன் பொய் சொல்லிட்டான்னு. வாசல்ல படுத்து மறிச்சது நானு. அருள்மணி அண்ணன் அப்படிப்பட்ட ஆள் இல்லைப்பான்னு அவர் காலைப் பிடிச்சேன். அதுக்கப்புறம் எஸ்டேட்டுல மிளகு ஏணியில ஏறிக்கிட்டுத்தான் கெடக்கேன். ரெண்டு தடவை விழுந்திருக்கேன். ஒரு நாள்கூட உங்க மேல எனக்கு வயித்தெரிச்சல் வரலைண்ணே. என் நேரம் அவ்வளவுதான்னு தேத்திக்கிட்டேன்.

— வாயை மூடுலே!

— மூட மாட்டேன்! இன்னிக்குத்தான் எனக்குக் கோவம் வருது. நான் ஒரு வேலையை விட்டுட்டு உங்களை நம்பினேன். நாலு ரன்னுக்கு நீங்க என்னை நம்ப மாட்டேங்குறீங்க! நான் என்ன அவ்வளவு கேவலமாப் போயிட்டேனா? எஸ்டேட்டுக்காரன் பேருன்னா அவ்வளவு மலிவா?

— உனக்கு என்னலே, அடுத்த வருஷம் வந்து ஆடுவே! எனக்கு ஏதுலே அடுத்த வருஷம்? வலது கண்ணு போச்சு. இவளுக்கே தெரியாது. மதுரையில டாக்டர் பார்த்துட்டு, இனி ஒண்ணும் செய்றதுக்கு இல்லைன்னுட்டாரு. இன்னிக்குப் பாதிப் பந்தை ஒத்தைக் கண்ணால குத்துமதிப்பா ஆடினேன். மில்லை மூடிட்டாங்க, டீமும் போச்சு, அங்கே அடிச்ச ரன்னை எவன் ஞாபகம் வச்சிருக்கான்? எனக்குன்னு மிச்சம் இருக்கிறது இந்த ஒரு நம்பருதான். மூவாயிரம். அதைக் குடுத்துருலே... உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன்லே.

— ஏசப்பா! என்னங்க சொல்றீங்க? கண்ணா? எந்தக் கண்ணு? எப்ப டாக்டர்ட்ட போனீங்க?

— அழுகாதீங்கண்ணே. நீங்க அழுது நான் பார்த்ததில்லை.

— செல்வமுருகா, தம்பி, கோவத்துல ஏதேதோ பேசிட்டேன். மனசுல வச்சுக்காதே. இவருக்காக நீதான் மனசு வைக்கணும்பா.

— மணி என்ன மதினி?

— ஆறாகப் போகுது.

— அப்ப வெரசாப் போகணும். கமிட்டியில சொல்லிடுறேன், எனக்குச் சந்தேகமா இருக்குன்னு.

— நெசமாவா? ஆனா நீ சத்தியம் பண்ணினியே?

— பிடிச்சது நெசம் மதினி, சத்தியமும் நெசம். பழனியாண்டவர்ட்ட நான் பேசிக்கிறேன், அவர் எனக்குப் புதுசா என்ன?

— உன் பேரு கெட்டுருமேப்பா. நாளைக்கு உன்னை ஆடவே விட மாட்டாங்களே.

— கெட்டா கெடட்டும். எனக்கும் அம்பது வயசாச்சு. யோசிச்சுப் பாருங்க, அன்னிக்கு அண்ணனும் என்னை மாதிரி ஒண்ணும் இல்லாத ஆளுதான். அவ்வளவு பெரிய வேலை கண்ணு முன்னாடி நிக்குது. இவர் இடத்துல வேற ஒருத்தன் நின்னிருந்தா, விழுந்த பந்தைக்கூடப் பிடிச்சேன்னு சொல்லியிருப்பான். இவர் உள்ளதை உள்ளபடி சொன்னாரு. அப்படிப்பட்ட மனுசனுக்காக நான் ஒரு பொய் சொன்னா ஒண்ணும் குறைஞ்சு போயிற மாட்டேன். வர்றேன் மதினி. நாளைக்குக் கேக்கு எனக்கும் ஒரு துண்டு எடுத்து வைங்க.

— மகராசனா இருப்பே தம்பி! ஏங்க, போறாரு பாருங்க, ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லுங்க. என்னங்க? பேடோட எங்கே ஓடுறீங்க?

— செல்வமுருகா, நில்லு! போகாதேலே... அன்னிக்கு நீ அடிச்ச பந்து கயித்துக்கு அந்தப் பக்கம் கெடந்துச்சுலே. நான் குனிஞ்சுதான் எடுத்தேன்.